கிட் எங்கே என்று கேட்கும் துறைத்தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நெல்லைச் சீமையின் பொறியியல் கல்லூரிகளில் உயிர்மருத்துவம், மின்னணுவியல், இயந்திரவியல், கணினித் துறைகளை நடத்திவரும் பேராசிரியர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். பயோமெடிக்கல் இறுதியாண்டு. என் சித்தி மகளிடம் நம்பர் வாங்கியிருக்கிறாள். "அக்கா, நீங்க பாக்குற வேலைக்கு வரணும்னா என்ன படிக்கணும்?" என்று கேட்டாள். பேசப் பேசத்தான் தெரிந்தது, அவள் அந்த வேலையை ஏற்கெனவே தொடங்கிவிட்டாள் என்பதும், தொடங்கிய இடத்திலேயே அது நிறுத்தப்பட்டுவிட்டது என்பதும்.

அவளுடைய அம்மா பீடி சுற்றுகிறவர். தெருவில் பாதிப்பேருக்கு அதுதான் தொழில். வயது ஏறியவர்களில் பலருக்குச் சர்க்கரை. வீட்டில் சர்க்கரை பார்க்கும் மெஷின் இருக்கிறது. ஆனால் பார்ப்பதில்லை, பார்த்தாலும் வருகிற எண்ணை நம்புவதில்லை. ஏன் என்று இந்தப் பெண் நாலு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்திருக்கிறாள். சுட்டுவிரலையும் பெருவிரலையும் குத்த அவர்கள் சம்மதிப்பதில்லை. இலையைச் சுருட்டும் விரல் அது. வலித்தால் அன்றைக்கு ஆயிரம் பீடி தேறாது. தூள் ஒட்டிய கையால் சின்ன ஸ்ட்ரிப்பை எடுத்தால் வழுக்குகிறது. டப்பா மூடியைத் திரும்பத் திரும்பத் திறப்பது சிரமம் என்று திறந்தே வைத்துவிடுகிறார்கள்; ஈரக்காற்று பட்டு ஸ்ட்ரிப் கெட்டு எண் தாறுமாறாக வருகிறது. ரத்தத்துளியை எந்த முனையில் வைப்பது என்று காட்டும் குறி மங்கிய கண்ணுக்குத் தெரியவில்லை. இவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். இதையே இறுதியாண்டு பிராஜெக்டாகச் செய்கிறேன் என்று தலைப்பை ஏற்கலாமா என்று துறை முடிவு செய்யும் ஜீரோத் ரிவ்யூவில் போய் நின்றபோது அவளுக்குக் கிடைத்த கேள்வி: "இதுல கிட் எங்கம்மா இருக்கு? பேஸ் பேப்பர் எது?" கிட் என்றால் மேசையில் வைத்துக் காட்டும் வன்பொருள். பேஸ் பேப்பர் என்றால் பிராஜெக்டுக்கு அடிப்படையாகக் காட்டும் ஆய்வுக் கட்டுரை.

இப்போது அவள் அர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகையில் இதயத்துடிப்பு சென்சார் மாட்டி, அளவு கூடினால் போனுக்குச் செய்தி அனுப்பும் பிராஜெக்டைச் செய்துகொண்டிருக்கிறாள். அதே பிராஜெக்ட் எத்தனை கல்லூரிகளில், எத்தனை வருடமாக வந்துகொண்டிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். நோட்டு பரணில் இருக்கிறது.

எந்தக் கல்லூரி என்று நான் அவளிடம் கேட்கவில்லை. கேள்வி கேட்ட ஆசிரியர்மீது எனக்குக் கோபமும் இல்லை. மதிப்பெண் அட்டவணையில் வன்பொருளுக்கு ஒரு கட்டம் இருக்கிறது, மென்பொருளுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. கவனித்தலுக்குக் கட்டம் இல்லை. அந்தக் கட்டத்தை உருவாக்கித் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன். அவள் நோட்டில் எழுதியது பொறியியல். அதற்கு ஒரு பெயரும், சர்வதேசத் தரமும், சம்பளமும் உண்டு. அந்த வேலையைத்தான் நான் பெங்களூரில் ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன்.

ஆங்கிலப் பெயரை அப்படியே ஹியூமன் ஃபேக்டர்ஸ் இன்ஜினியரிங் என்போம். தமிழில் மனிதக் காரணிப் பொறியியல். மருத்துவக் கருவி ஒன்று சந்தைக்கு வரும்முன், அதைத் தொடப்போகிற நர்ஸ், டெக்னீஷியன், நோயாளி, நோயாளியின் மகள் ஆகிய ஒவ்வொருவரும் அதில் எங்கே தடுக்கி விழுவார்கள் என்று கண்டுபிடித்து, விழாதபடி வடிவத்தை மாற்றவைப்பது எங்கள் வேலை.

நான் இதற்குள் வந்த வழி என் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிற ஒரு தாள். அம்மா ஸ்டாஃப் நர்ஸ். 2004இல் ஒரு ராத்திரி டியூட்டி. முப்பது படுக்கைக்கு அவள் ஒருத்தி. ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்தை மணிக்கு 5 மில்லி போக வைக்க வேண்டும். சீட்டில் டாக்டர் 5.0 என்று எழுதியிருந்தார். மருந்தை அளந்து உடம்புக்குள் செலுத்தும் பம்பில் ஐந்து, புள்ளி, சைபர் என்று அம்மா அமுக்கினாள். புள்ளிப் பொத்தானின் ரப்பர் தேய்ந்துபோயிருந்தது. அமுங்கினாலும் பதியாது, பதியவில்லை என்று சொல்ல ஒரு சத்தமும் இல்லை. பம்ப் 50 என்று எடுத்துக்கொண்டது. கால்மணி நேரத்துக்குள் மானிட்டர் அலறி, டாக்டர் ஓடிவந்து நிறுத்தினார். நோயாளி பிழைத்துக்கொண்டார். மறுநாள் அம்மாவுக்கு மெமோ வந்தது: "பணியில் கவனக்குறைவு." அந்த வருட இன்கிரிமென்ட் போயிற்று.

"ஏட்டி, நான் புள்ளிய அமுக்குனேன்ட்டி. அமுக்குன மாதிரிதான் இருந்துச்சு." இதை அம்மா எத்தனை தடவை சொல்லியிருப்பாளோ. அதற்கப்புறம் ஓய்வு பெறும்வரை பம்பில் எண் போடும்போதெல்லாம் பக்கத்து வார்டு சிஸ்டரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வாளாம். ஒரு பொத்தானின் குறையை அவள் தன் மனசுக்குள் சுமந்துகொண்டாள்.

அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு. பிறகு இ.சி.இ. படித்தேன், எல்லோரையும் போலச் சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனிக்குப் போனேன். அங்கே மருத்துவப் பம்ப் ஒன்றின் மென்பொருளைச் சோதிக்கும் வேலை வந்தது. அதன் ஆவணத்தில் ஒரு வரியைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் சைபரும் போட்டுக் காட்டக் கூடாது. புள்ளி கண்ணில் படாவிட்டால் பத்து மடங்காகிவிடும் என்று எழுதியிருந்தது. தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு, மருந்துச்சீட்டில் எழுதக் கூடாதவை என்று ஒரு பட்டியலை வெளியிட்டிருக்கிறது. 5.0 என்று எழுதும் வழக்கம் அதில் இருக்கிறது. அந்தப் பட்டியல் வந்த ஆண்டு 2004. அம்மாவுக்கு மெமோ வந்த அதே ஆண்டு. உலகத்தில் ஓரிடத்தில் வடிவத்தின் பிழை என்று பெயர் வைக்கப்பட்ட ஒன்று, எங்கள் ஊரில் ஒரு பெண்ணின் கவனக்குறைவாகப் பதிவானது.

மெமோவை யார் எழுதினார்கள் என்பது எனக்கு முக்கியமில்லை. அதை எழுதாமல் இருப்பதற்கு வேண்டிய அறிவை நம் கல்லூரிகள் சொல்லித் தரவில்லை என்பதுதான் உறுத்துகிறது. அந்தப் பம்பைப் பழுது பார்த்தவரும் பொறியாளர்தான். வாங்கியவருக்கு ஆலோசனை சொன்னவரும் பொறியாளர்தான்.

இந்தத் துறை புதிதல்ல. இரண்டாம் உலகப்போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் தரையிறங்கிய பிறகு ஓடுபாதையிலேயே வயிறு தட்டிப் படுத்தன. இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் மடிப்பை (ஃபிளாப்) உயர்த்த நினைத்த விமானிகள் சக்கரத்தை உள்ளிழுத்துக்கொண்டிருந்தார்கள். அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானிகளைத் திட்டவில்லை, போய்ப் பார்த்தார். இரண்டு விசைகளும் ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்தில். சக்கரத்துக்கான விசையின் நுனியில் சக்கர வடிவத்தையும் மடிப்புக்கானதில் ஆப்பு வடிவத்தையும் வைத்தார்கள். இருட்டிலும் விரல் தடவித் தெரிந்துகொள்ளும். 1947இல் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் விமானியின் தவறு என்று சொல்லப்பட்ட 460 சம்பவங்களைச் சேகரித்து ஆராய்ந்தார்கள். ஒரே வகைத் தவறுகள் திரும்பத் திரும்ப வந்தன. விசைகளை வைத்த விதத்தோடு அவை பிணைந்திருந்தன. அந்த ஆய்வில் கிட் எதுவும் இல்லை. ஆட்களைக் கேட்டு எழுதிய அறிக்கை அது.

நம் மாவட்டத்தில் கூடங்குளம் இருக்கிறது. அணுமின் நிலையக் கட்டுப்பாட்டு அறையைப் பற்றி வகுப்பில் பேசுவீர்கள் என்றால் 1979 மார்ச் 28இல் அமெரிக்காவில் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நடந்த விபத்தையும் சேர்த்துப் பேசுங்கள். அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. பலகையில் இருந்த விளக்கோ, வால்வு உண்மையில் மூடியதா என்று காட்டவில்லை. மூடச்சொல்லிக் கட்டளை போனதா என்பதைத்தான் காட்டியது. விளக்கு அணைந்ததும் வால்வு மூடிவிட்டது என்று ஊழியர்கள் நம்பினார்கள். அணுமின் துறை மனிதக் காரணியைக் கட்டாயமாகக் கையில் எடுக்க அந்த விளக்கு ஒரு முக்கியக் காரணம்.

கணினித் துறைத்தலைவர்களுக்குத் தெராக்-25 கதை தெரிந்திருக்கும். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தரும் எந்திரம். 1985க்கும் 1987க்கும் இடையில் ஆறு பேர் அளவுக்கு மீறிய கதிர்வீச்சை வாங்கினார்கள், சிலர் இறந்தார்கள். பாடத்தில் அதை நிரல்பிழைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிக்கொடுக்கிறோம். இன்னொரு பாதியையும் சொல்ல வேண்டும். திரையில் "மால்ஃபங்ஷன் 54", அதாவது கோளாறு 54, என்று மட்டும் வந்தது. 54 என்றால் என்னவென்று இயக்குபவரின் கையேட்டில் விளக்கம் இல்லை. அந்த எந்திரம் சின்னச்சின்னக் காரணங்களுக்காக அடிக்கடி நின்று நின்று பழகியிருந்ததால், தொடர் என்பதற்கான ஒரு விசையை அமுக்குவது இயக்குபவருக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. அமுக்கினார்.

இனி என் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். உங்கள் மாணவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள்.

ஒரு பம்போ வென்டிலேட்டரோ இன்சுலின் பேனாவோ வடிவமைக்கத் தொடங்கும்போதே நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவோம். வார்டில் மூலையில் நின்று பார்ப்போம். யார் தொடுகிறார்கள், எத்தனை மணிக்கு, எந்த வெளிச்சத்தில், கையுறையோடா, ஒரு கையில் போன் இருக்கிறதா, நடுவில் யார் கூப்பிடுகிறார்கள். பிறகு ஒவ்வொரு செயலையும் துண்டு துண்டாகப் பிரித்து, இந்தத் துண்டில் தவறினால் நோயாளிக்கு என்ன ஆகும் என்று அட்டவணை போடுவோம். மாதிரி செய்து நர்ஸுகளிடம் கொடுத்துப் பார்ப்போம். மாற்றுவோம். திரும்பக் கொடுப்போம். இது பலமுறை நடக்கும். கடைசியில் ஒரு பெரிய சோதனை. ஐ.சி.யூ. போல அமைத்த அறை, கட்டிலில் ஒரு பொம்மை நோயாளி, கேமரா. மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பயன்படுத்துவோரின் ஒவ்வொரு வகையிலும் குறைந்தது 15 பேர். உள்ளே வருகிறவருக்கு நாங்கள் உதவக் கூடாது. தலையசைக்கவும் கூடாது.

தவறு செய்த சிஸ்டர்கள் அநேகமாக எல்லோரும் சொல்வது ஒரே வாசகம்: "சாரி மேடம், என் தப்புதான்." அப்போதுதான் எங்கள் கேள்வி தொடங்குகிறது. அந்த நேரத்தில் திரை உங்களுக்கு என்ன சொன்னதாக நினைத்தீர்கள்? எது அமுங்கும் என்று எதிர்பார்த்தீர்கள்? இதைக் கேட்கும்போது என் குரல் தடுமாறாமல் இருக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. ஒவ்வொருவர் முகத்திலும் அம்மா தெரிவாள். அறிக்கையில் "பயன்படுத்தியவரின் கவனக்குறைவு" என்று எழுத எங்களுக்கு அனுமதி இல்லை. அது காரணம் அல்ல, காரணத்தைத் தேடாமல் விட்டதற்கான அடையாளம்.

இதற்கெல்லாம் எழுதப்பட்ட தரம் உண்டு. ஐ.இ.சி. 62366, முதலில் 2007இல் வந்தது. 2015இல் திருத்தி இரண்டு பகுதிகளாக்கினார்கள். இதோடு சேர்ந்து நடப்பது இடர் மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 14971. அதில் ஒரு வரிசை இருக்கிறது. ஆபத்தை முதலில் வடிவத்திலேயே நீக்கு. முடியாவிட்டால் தடுப்பு ஒன்றை வை. அதுவும் போதாவிட்டால்தான் எச்சரிக்கை வாசகம், பயிற்சி. நம் ஆஸ்பத்திரிகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. ஏதாவது நடந்தால் முதலில் ஒரு பயிற்சி வகுப்பு, சுவரில் ஒரு தாள்.

வடிவத்திலேயே நீக்குவது எப்படி இருக்கும் என்று பார்க்க மாணவர்களைப் பெங்களூருக்கு அனுப்ப வேண்டாம். ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும் மயக்கமருந்துக் கருவியின் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். சின்ன சிலிண்டர்களின் வால்வில் துளைகள் இருக்கும், கருவியில் அதற்கேற்ற முளைகள் இருக்கும். ஆக்ஸிஜனுக்கு 2, 5 என்ற இடங்களில். நைட்ரஸ் ஆக்ஸைடுக்கு 3, 5 என்ற இடங்களில். சிலிண்டரை மாற்றி மாட்ட முயன்றால் உட்காராது. அங்கே யாரும் கவனமாக இருக்க வேண்டியதில்லை. தூக்கக் கலக்கத்திலும் தவறு நடக்காது.

இதற்கு நேர் எதிரான ஒன்றைப் பார்க்க எந்த மருந்துக்கடைக்கும் போகலாம். நம் நாட்டில் இன்சுலின் இரண்டு செறிவுகளில் கிடைக்கிறது: ஒரு மில்லியில் 40 யூனிட், ஒரு மில்லியில் 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை. 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. சிவப்பையும் ஆரஞ்சையும் வயதான கண், மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பிரித்துப் பார்க்க வேண்டும். 100 யூனிட் மருந்தை 40க்கான சிரிஞ்சில் 20 என்ற கோடுவரை இழுத்தால் உடம்புக்குள் போவது 20 அல்ல, 50 யூனிட். குப்பியோடு பொருந்தாத சிரிஞ்சு உள்ளே போகவே முடியாதபடி ஒரு முளையோ துளையோ இங்கே கிடையாது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகளில் மண்பானையில் தண்ணீர் வைத்து அதற்குள் இன்சுலினைப் பத்திரப்படுத்துகிறார்கள். காருகுறிச்சிப் பானை செய்யும் மண்ணில் பிறந்த நமக்கு அது புதிதல்ல. ஈரத்தில் ஊறிய லேபிளில் 40 என்று இருந்ததா 100 என்று இருந்ததா? இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஒரு பொறியாளர் எங்கோ ஒரு வடிவமைப்பு மேசையில் உட்கார்ந்திருந்தால் லேபிள் வேறு மாதிரி இருந்திருக்கும். அந்தக் கேள்வி கடையத்திலிருந்தோ ஆழ்வார்குறிச்சியிலிருந்தோ வந்த பிள்ளைக்குத்தான் முதலில் தோன்றும். எங்கள் சோதனை அறைகளில் அப்படிப் பிள்ளைகள் குறைவு என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் கோரிக்கைக்கு வருகிறேன்.

பார்த்து எழுதும் பிராஜெக்டை ஜீரோத் ரிவ்யூவில் ஏற்றுக்கொள்ளுங்கள். மதிப்பெண் எப்படிப் போடுவது என்ற தயக்கம் நியாயமானது. ஒரு கருவி, ஒரு வகைப் பயனாளர், செயல்களைப் பிரித்த அட்டவணை, ஒவ்வொரு தவறுக்கும் விளைவும் காரணமும், ஒரு மாற்று வடிவத்தின் அட்டை மாதிரி, அதைப் பயனாளரிடம் கொடுத்துப் பார்த்த முடிவு. இவ்வளவும் இருந்தால் அதைக் கண்டிப்பாக மதிப்பிடலாம். பிராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கிவர முடியாத பிராஜெக்ட் இது. வைவாவில் இரண்டு கேள்வி கேட்டாலே அவர்கள் வார்டில் நின்றார்களா இல்லையா என்று தெரிந்துவிடும்.

வார்டுக்குள் மாணவர்கள் நிற்க வழி செய்யுங்கள். இதுதான் கடினம், இதில்தான் உங்கள் கையெழுத்துக்கு மதிப்பு இருக்கிறது. பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் 1965இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒரு பொறியியல் மாணவர் தனியாகப் போய் நின்றால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள், அதுவும் சரிதான். துறைத்தலைவர் போய்ப் பேசினால், நெறிமுறைக் குழுவின் முன் முறையாக விண்ணப்பம் வைத்தால், கதவு திறக்க வாய்ப்பு உண்டு. விதிகளை நாமே முதலில் எழுதிக்கொண்டு போக வேண்டும்: நோயாளியைத் தொடக் கூடாது. முகம் தெரியப் படம் எடுக்கக் கூடாது. சிஸ்டரின் பெயரையோ டியூட்டி நேரத்தையோ நோட்டில் எழுதக் கூடாது. மாணவர் பார்த்த தவறு எந்தச் சூழ்நிலையிலும் ஒரு மெமோவாக மாறக் கூடாது. இந்தக் கடைசி விதி எழுத்தில் இல்லாவிட்டால் ஒரு சிஸ்டர்கூட உண்மையைச் சொல்ல மாட்டார். சொல்லவும் வேண்டாம் என்றுதான் நானே சொல்வேன்.

உள்ளே போன மாணவர்கள் முதல் வாரம் ஒன்றே ஒன்று செய்யட்டும்: பிளாஸ்திரியை எண்ணட்டும். எந்த வார்டிலும் கருவிகள்மேல் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி அதில் பேனாவால் எழுதியிருக்கும். "இதை அமுக்காதே." "முதலில் மெயின் ஆன் செய்யவும்." "இந்த ஒயரை ஆட்டிப் பார்க்கவும்." கருவி சொல்லத் தவறியதை ஒரு நர்ஸ் தன் கையெழுத்தில் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு பிளாஸ்திரியும் ஒரு வடிவமைப்புக் குறையின் முகவரி. அதைப் படித்து, எழுதியவரிடம் போய் ஏன் எழுதினீர்கள் என்று கேட்டால் ஒரு பருவத்துக்கான பாடம் அங்கேயே கிடைத்துவிடும். 2015 ஜூலையில் தொடங்கிய மத்திய அரசின் மருத்துவக்கருவிக் கண்காணிப்புத் திட்டத்துக்குப் புகார்ப் படிவம் ஒன்று உண்டு. காசியாபாத்தில் இருக்கும் இந்திய மருந்தியல் ஆணையம் அதை நடத்துகிறது. அந்தப் படிவத்தை நிரப்பத் தெரிந்த பொறியாளராக உங்கள் மாணவர் வெளியே வரட்டும்.

நர்சிங் மாணவிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு குழுவில் இரண்டு பொறியியல், ஒரு நர்சிங். என் அணியில் எனக்கு அடுத்த இடத்தில் இருப்பவர் பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஐந்து வருடம் ஐ.சி.யூ.வில் வேலை பார்த்தவர். நான் மூன்று நாள் பார்த்துக் கண்டுபிடிப்பதை அவர் மூன்று நிமிடத்தில் சொல்லிவிடுவார். இந்தத் துறை உளவியல் படித்தவருக்கும் நர்ஸுக்கும் வடிவமைப்பாளருக்கும் இயந்திரவியலாருக்கும் சமமாகத் திறந்திருக்கிறது. நம் ஊரில்தான் அவர்கள் ஒருவரை ஒருவர் சந்திக்காமலேயே படிப்பை முடிக்கிறார்கள்.

மேற்படிப்பு என்ன என்று கேட்கும் மாணவர்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். சி.இ.இ.டி. என்ற நுழைவுத்தேர்வு எழுதினால் வடிவமைப்பில் முதுகலை படிக்கலாம்: பம்பாய் ஐ.ஐ.டி.யில் 1969இல் தொடங்கிய வடிவமைப்பு மையம், குவாஹாட்டி ஐ.ஐ.டி., பெங்களூர் இந்திய அறிவியல் கழகம். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்குத் தனித் தேர்வு. இந்தியர்களின் உடலளவுகளைத் தொகுத்து 1997இல் வெளியிட்டது அந்த நிறுவனம்தான். ஐந்தடி உயர நர்ஸுக்கு எட்டும் இடத்தில் திரையை வைக்க அந்த அளவுகள் இல்லாமல் முடியாது. நமக்கு மிக அருகில், நாகர்கோவில் வழியாக ரயில் ஏறினால் அரை நாளுக்குள் போய்ச் சேரும் திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரா திருநாள் நிறுவனம் இருக்கிறது. இந்தியாவில் வடிவமைத்த இதய வால்வை 1990இல் முதல் நோயாளிக்குப் பொருத்தியவர்கள். பூஜப்புரையில் அவர்களுடைய உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவை மாணவர்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். மதுரையில் 1992 முதல் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைச் செய்துவரும் ஆரோலேப் இருக்கிறது. தெற்கே மருத்துவக் கருவி செய்ய ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

வேலை நிலவரத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹியூமன் ஃபேக்டர்ஸ் இன்ஜினியர் என்ற பெயரிலேயே வரும் வேலைகள் நம் நாட்டில் இன்னும் கொஞ்சம்தான். பெங்களூர், ஹைதராபாத், புனே, சென்னை என்று நான்கைந்து ஊர்களில். வளாகத் தேர்வுக்கு யாரும் வந்து அழைத்துப்போக மாட்டார்கள். சோதனைப் பொறியாளராகவோ, தர ஆவணம் எழுதுபவராகவோ, ஒழுங்குமுறைப் பிரிவிலோ நுழைந்து, உள்ளே இருந்து இந்தப் பக்கம் நகர்வதுதான் பலருடைய பாதை. என் பாதையும் அதுதான். ஆனால் தேவை கூடிக்கொண்டு வருகிறது. ஐரோப்பாவின் புதிய மருத்துவக்கருவிச் சட்டம் 2021 மே 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பயன்படுத்தும்போது நேரும் பிழையை வடிவத்தால் குறைக்க வேண்டும் என்று அது கேட்கிறது. ஏற்றுமதி செய்ய நினைக்கும் எந்த இந்தியக் கம்பெனிக்கும் இந்த வேலையைச் செய்ய ஆள் வேண்டும். நம் நாட்டிலும் 2017இல் மருத்துவக்கருவி விதிகள் வந்தன. 2023 அக்டோபரோடு அபாயம் கூடிய சி, டி வகைக் கருவிகளும் உரிமத்துக்குள் வந்துவிட்டன. விதி வந்தபின் ஆளைத் தேடுவார்கள். அப்போது நம் பிள்ளைகள் தயாராக நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். "அது என்ன வேலைம்மா, ஆஸ்பத்திரியில நின்னு வேடிக்கை பாக்குறதா?" என்று என் அப்பாவே கேட்டார். ஒரு துறைத்தலைவர் வீட்டுக்குப் போன் போட்டு, இது வேலைதான், படிப்புதான் என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்கு இரண்டு வருடப் போராட்டம் மிச்சமாகும்.

தை மாதம் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். கல்லிடைக்குறிச்சியில் பத்து நாள் இருப்பேன். உங்களில் யாராவது ஒருவர் ஒரு நாள் ஒதுக்கினால் வந்து மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு மாணவர்களோடு உட்காருகிறேன். அட்டவணை மாதிரிகளையும், மதிப்பெண் போட நான் எழுதி வைத்திருக்கும் படிவத்தையும் கொண்டுவருவேன். செலவு எதுவும் வேண்டாம். ஒரு பழைய இன்ஃப்யூஷன் பம்ப் கையில் இருக்கிறது, பொத்தான் தேய்ந்தது. அதையும் எடுத்து வருகிறேன். மாணவர்கள் 5.0 என்று போட்டுப் பார்க்கட்டும்.

அம்மாவிடம் கேட்டேன். மெமோவை எடுத்துக்கொண்டு அவளும் வருகிறேன் என்கிறாள். "எனக்கு மேடையில பேசத் தெரியாதுட்டி. பக்கத்துல உக்காந்து கேட்டா சொல்லுதேன்" என்றாள். முக்கூடல் பெண்ணுக்கும் சொல்லிவிட்டேன். பரணிலிருந்து நோட்டை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறாள்.

தேதி சொல்லுங்கள்.

மரியாதையுடன்,
கல்லிடைக்குறிச்சியில் பிறந்து, நெல்லையில் இ.சி.இ. படித்து, மருத்துவக் கருவிகளில் மனிதக் காரணிப் பொறியாளராக வேலை பார்க்கும் ஒரு நர்ஸின் மகள்